கிளிநொச்சியில் இருந்து கொழும்பு: இருவராக ஒரு பகலில் நூதனசாலையும் நினைவிடங்களும்

முதல் தடவை நானும் மனைவியும் கொழும்பு பார்க்கப் போனபோது எங்கள் பட்டியலில் ஒன்பது இடங்கள் இருந்தன. ஆறுக்குப் போனோம், ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஓட்டோவில் ஏறி இறங்கியதும், புறக்கோட்டைச் சனத்துக்குள் மனைவியின் செருப்பு வார் அறுந்ததும்தான் இன்றைக்கும் நினைவில் நிற்கின்றன. இரண்டாவது தடவை நாலே இடம். திரும்பி வந்தபின் பல நாளாக அதைப் பற்றியே கதைத்தோம். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது பயணத்தில் இருந்து எழுதியது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியாப் பக்கத்தில் இருந்து ஓர் இரவு பயணம் செய்து, ஒரு பகல் பார்த்து, மறு இரவே திரும்ப நினைக்கும் சோடிகளுக்கு இது பொருந்தும். புதுசாகக் கலியாணம் முடித்தவர்கள் என்றாலும் சரி, பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறவர்கள் என்றாலும் சரி.

நாட்டின் சட்டபூர்வத் தலைநகர் கொழும்பு அல்ல, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே. 1982இல் பாராளுமன்றம் அங்கே போய்விட்டது. அந்தப் பக்கத்தில் அரச படையினருக்கான நினைவுத்தூபியும், இந்திய அமைதிப் படையினருக்கான நினைவுத்தூபியும் இருக்கின்றன. நாங்கள் போகவில்லை. போவதும் போகாததும் அவரவர் மனதைப் பொறுத்தது. அதனால் கீழே உள்ள ஒழுங்கில் அவற்றைச் சேர்க்கவில்லை.

நாளைத் தெரிவு செய்தல்

செவ்வாய், புதன், வியாழன் நல்லது. சனி, ஞாயிறில் பாடசாலைப் பிள்ளைகளை பஸ் பஸ்ஸாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒரு சிலைக்கு முன்னால் இரண்டு நிமிடம் நிற்கவும் இடம் கிடையாது. போயா நாளையும் அரச விடுமுறை நாள்களையும் தவிருங்கள். பயணத்துக்கு முதல் நாள் நூதனசாலைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, திறந்திருக்கிறதா, எந்தக் கூடமாவது திருத்த வேலைக்காகப் பூட்டியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பதைவிட அது மலிவு.

கொண்டுபோக வேண்டியவை: இருவரின் தேசிய அடையாள அட்டை, தண்ணீர்ப் போத்தல், ஒரு குடை, மாற்று உடுப்பு, நடந்து பழகிய செருப்பு. புதுச் செருப்பு வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன். உங்களில் ஒருவர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் என்றால் நூதனசாலையில் அவருக்கு நுழைவுச்சீட்டு பல மடங்கு விலை. கனடாவில் இருந்து வந்த மாப்பிள்ளைமார் இதைக் கேட்டு வாசலில் முகம் சுருக்குவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இரவுப் பயணம்

ரயிலா பஸ்ஸா என்ற வாதம் எங்கள் வீட்டிலும் நடந்தது. 1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்ரெம்பரில் மறுபடி கிளிநொச்சிக்கு வந்ததைக் கண்டவர்களுக்கு அதில் போவது தனிச் சந்தோசம். ஆனால் ரயில் நேரங்கள் அடிக்கடி மாறும். நிலையத்தில் கேட்டு, இருக்கை பதிந்துவிட்டுப் போனால் மட்டும் நல்லது. ஒரு பகலுக்குள் எல்லாம் முடிக்க வேண்டும் என்றால் இரவு பஸ்தான் வசதி. வவுனியா, அநுராதபுரம், புத்தளம் வழியாகப் போய் விடியப்புறம் வெள்ளவத்தையில் இறக்கிவிடும்.

முறிகண்டியில் பஸ் நிற்கும். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, ஒரு தேங்காய் உடைத்துவிட்டு ஏறுங்கள். கச்சானைத் திரும்பி வரும்போது வாங்கலாம். இப்போது வாங்கினால் வவுனியாவுக்கு முன்னமே முடிந்துவிடும்.

விடிய: வெள்ளவத்தை

பஸ்ஸால் இறங்கியதும் நேரே ஊர் சுற்ற வெளிக்கிடாதீர்கள். வெள்ளவத்தையில் சில மணித்தியாலத்துக்கு அறை தரும் லொட்ஜ்கள் உண்டு. குளித்து, ஒரு மணித்தியாலம் கண்ணயர்ந்து, உடுப்பு மாற்றுங்கள். இந்தச் செலவை மிச்சம் பிடித்தால் பத்து மணிக்கே இருவருக்கும் சண்டை வரும். பையை அங்கேயே வைக்க விட்டால் வைத்துவிட்டு, பின்னேரம் வந்து எடுக்கலாம்.

காலைச் சாப்பாட்டுக்கு யோசிக்கத் தேவையில்லை. காலி வீதியின் இரண்டு பக்கமும் இடியப்பம், சொதி, சம்பல், தோசை. கடைக்காரர் முதல் கேள்வியாக "எவடம்?" என்று கேட்பார். "கிளிநொச்சி" என்றால் அவருக்கும் அங்கே ஒரு சொந்தக்காரர் இருப்பார்.

எட்டரை மணிக்கு வெளிக்கிடுங்கள். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டி வரை போய் அங்கிருந்து ஓட்டோ பிடிக்கலாம். மீற்றர் உள்ள ஓட்டோவில் ஏறுங்கள், அல்லது கைபேசிச் செயலியில் கூப்பிடுங்கள். கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கியவர்களுக்கு 138ஆம் இலக்க பஸ் நூதனசாலைக்குக் கிட்ட உள்ள பொது நூலகத்தடிக்கு நேரே வரும்.

ஒன்பது மணி: தேசிய நூதனசாலை

இன்றைய பகலில் பாதியை இங்கேயே செலவழிக்க வேண்டும். கறுவாத்தோட்டத்தில் பெரிய ஆலமரங்களுக்குப் பின்னால் வெள்ளையாக நிற்கும் கட்டடம். 1877 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். முன்னால் சிலையாக நிற்பவர் அதை உருவாக்கிய ஆளுநர் வில்லியம் கிரெகரி. கட்டடத்தை வரைந்தவர் சிமிதர். கட்டி எழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தக்காரர். திறப்பு விழாவில் ஆளுநர் "உமக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாராம், அவர் காசு பணம் கேட்காமல், வெள்ளிக்கிழமையில் இந்த இடத்தைப் பூட்டி வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். அந்த வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

நுழைந்ததும் தொளுவிலவில் கிடைத்த புத்தர் கல்லில் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து கீழ்மாடி கால வரிசையில் போகும்: வரலாற்றுக்கு முந்திய காலம், அநுராதபுரம், பொலன்னறுவை, கண்டி. எல்லாப் பெட்டிகளையும் பார்க்கப் புறப்பட்டால் பதினொரு மணிக்குக் கால் கடுக்கும், மூளை மரத்துவிடும். நாங்கள் ஐந்து பொருள்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் கால் மணித்தியாலம் கொடுத்தோம். அதையே நீங்களும் செய்யலாம்.

முதலாவது, வரலாற்றுக்கு முந்திய காலத்துக் கற்கருவிகள். மற்றவர்கள் வேகமாகக் கடந்து போகும் மூலை இது. நில்லுங்கள். இந்த நாட்டின் பழைய மனிதர்களைப் பற்றிய ஆய்வில் அடிக்கடி வரும் பெயர்களில் ஒன்று "இரணைமடுப் படிவு". பரலும் செம்மண்ணுமான ஒரு படிவுக்கு எங்கள் குளத்தடியின் பெயரைத்தான் புவிச்சரிதவியலாளர் வைத்தார்கள். நாங்கள் குளிக்கப் போன இடம் பாடநூலில் ஒரு காலத்தின் பெயராக இருக்கிறது என்றதும் மனைவி, "என்னப்பா, இதை ஏன் பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் சொல்லேல்ல?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இரண்டாவது, பொலன்னறுவை வெண்கலங்கள். 1907-08இல் அங்குள்ள சிவாலயத்தைத் தோண்டியபோது நடராசரும் நாயன்மாரும் மண்ணுக்குள் இருந்து வந்தார்கள். காரைக்கால் அம்மையாரைத் தவறவிடாதீர்கள். விலா எலும்பு எண்ணலாம். வற்றிய உடம்பு, கையில் தாளம். அழகு வேண்டாம் என்று கேட்டு வாங்கிய பெண்ணின் உருவத்தை இவ்வளவு அழகாக வார்த்திருக்கிறார்கள். இந்த வெண்கலங்களை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஆனந்த குமாரசுவாமி, நூதனசாலை திறந்த அதே 1877இல் கொழும்பில் பிறந்தவர். பக்கத்து வீதிக்கு இப்போது அவர் பெயர்.

அருகே பொன்னிறத் தாரா தேவி நின்றால் மயங்க வேண்டாம், அது வார்ப்புப் பிரதி. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கிடைத்த அசல், ஆளுநர் பிரவுன்றிக் கையால் லண்டன் போய் 1830 முதல் அங்கேயே இருக்கிறது.

மூன்றாவது, கண்டி அரசர்களின் சிம்மாசனம். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. 1739க்குப் பிறகு அதில் இருந்தவர்கள் மதுரை நாயக்கர் வழியினர். கடைசியாக இருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815இல் ஆங்கிலேயர் பிடித்து வேலூருக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்துபோனார். சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போனது. 1934இல் குளோஸ்டர் கோமகன் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார். இந்தக் கோமகனின் பெயரை நினைவில் வைத்திருங்கள், பின்னேரம் மறுபடி சந்திப்பார்.

நாலாவது, காலியில் கிடைத்த மும்மொழிக் கல். இதற்காக மட்டும் கொழும்புக்கு வந்தாலும் தகும். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நாட்டிய கல். அதில் பொறித்த ஆண்டு 1409. பிறகு அதை மறந்துபோய் ஒரு மதகுக்கு மூடு கல்லாகப் போட்டுவிட்டார்கள். 1911இல்தான் ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். மேலே இரண்டு நாகதெய்வம் போன்ற சீன டிராகன்கள். வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், கீழே மிகவும் தேய்ந்த பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குப் பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு நூறு என்று காணிக்கையை அடுக்குகிறது. தமிழ்ப் பகுதி அதே காணிக்கையைத் தெனாவரை நாயனாருக்கு, அதாவது தெவிநுவரை விஷ்ணுவுக்குக் கொடுக்கிறது. பாரசீகப் பகுதி இறைவன் அல்லாஹ்வுக்கு. அறுநூறு வருசத்துக்கு முன் சீனத்தில் இருந்து கப்பலில் வந்தவனுக்கு, இந்தத் தீவில் கதைக்க வேண்டுமென்றால் தமிழும் வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அரச அலுவலகத்தில் தமிழில் கடிதம் எழுதிவிட்டு சிங்களத்தில் பதில் வாங்கியவர்கள் இந்தக் கல்லின் முன்னால் கொஞ்சம் கூடுதலான நேரம் நிற்பார்கள். நாங்கள் நின்றோம். எழுத்தைக் கண்ணால் படிப்பது கடினம். தொடாமல், பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தால் வெளிச்சம் சாய்ந்து விழும் இடத்தில் சில எழுத்துகள் எழும்பும்.

ஐந்தாவது, மாதோட்டக் கல்வெட்டு. சோழர் காலத்தது. சிறுகூற்றநல்லூரைச் சேர்ந்த தாழி குமரன் என்பவன் மாதோட்டமான இராஜராஜபுரத்தில் இராஜராஜ ஈஸ்வரம் எடுத்து, விளக்குக்கும் பூசைக்கும் ஒழுங்கு செய்த கதை. திருக்கேதீஸ்வரத்துக்குப் போகிற வழி முழுக்க நாங்கள் மிதித்து நடக்கிற மண்ணின் கல் அது. கண்ணில் படாவிட்டால் கூடத்தில் இருக்கும் அலுவலரிடம் கேளுங்கள். ஐந்து நிமிடம் சிரித்துக் கதைத்தால் அரைகுறைச் சிங்களமும் வேலை செய்யும்.

மேல்மாடியில் நாணயம், முகமூடி, உடை எல்லாம் உண்டு. ஒருவருக்குப் பிடித்ததை மற்றவர் காத்திருந்து பார்க்க விடுங்கள். நான் நாணயத்தில் நின்றேன், மனைவி துணிகளில். படம் எடுக்கத் தனிக் கட்டணம் இருக்கிறதா என்பதை நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். பக்கத்தில் இயற்கை வரலாற்று நூதனசாலையும் இருக்கிறது. பிள்ளைகளோடு வரும் நாளுக்கு அதை மிச்சம் விடலாம்.

பகல்: பூங்காவும் லட்யென்ஸின் தூணும்

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தால் விகாரமகாதேவிப் பூங்கா நடக்கிற தூரத்தில். சோற்றுப் பார்சல் ஒன்றை வாங்கிக்கொண்டு மர நிழலில் சாப்பிடுங்கள். வாங்குகளில் குடைக்குக் கீழே இளம் சோடிகள் ஒளிந்திருப்பார்கள்; மழை பெய்யாது. "எங்கட குடையையும் விரிப்பமோ?" என்று கேட்டேன். "பேசாமச் சோத்தைத் தின்னுங்கோ" என்றார் மனைவி.

பொது நூலகத்துக்கு அருகே போர் நினைவுத்தூண் ஒன்று உயர்ந்து நிற்கிறது. புதுடில்லியை வடிவமைத்த எட்வின் லட்யென்ஸ் வரைந்தது. முதலாம் உலகப் போரில் இறந்த இலங்கையருக்காக முதலில் காலிமுகத்திடலில்தான் கட்டினார்கள். இரண்டாம் போரில் யப்பானியக் கப்பல்கள் இதைக் குறியாக வைத்துச் சுடுமோ என்று பயந்து, கழற்றி இங்கே கொண்டுவந்தார்கள். நினைவுச் சின்னமே இடம்பெயர்ந்திருக்கிறது. வன்னிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சுவரில் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். ஆறுதலாக வாசியுங்கள். கல்லைக் கண்டால் யார் வைத்த கல் என்று முதலில் கேட்பது எங்களுக்குப் பழக்கமான வேலை. ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் வைத்த கல்லை நினைத்துப் பாருங்கள்: 1803 ஒக்ரோபர் 31இல் இவ்விடத்தில் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தான் என்பதுதான் அதில் இருந்தது. வென்றவன் தன் வெற்றிக்கு வைத்த கல். எங்கள் சனம் அதைத் தோற்றவனின் நினைவிடமாக ஆக்கிக்கொண்டது.

இங்கே முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். வெயில் ஏறும்.

இரண்டு மணி: சுதந்திர சதுக்கம்

நடந்தால் அரை மணித்தியாலத்துக்குள் போகலாம், ஆனால் இந்த நேரத்தில் ஓட்டோதான் புத்தி. சுவரில்லாத, தூண்களால் ஆன பெரிய மண்டபம். கண்டி அரச சபை மண்டபத்தின் சாயலில் கட்டியது. அந்தக் கண்டி மண்டபத்தில்தான் 1815 மார்ச் 2இல் நாட்டை ஆங்கிலேயரிடம் கையளிக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டிருந்தார்கள். சுதந்திரத்தை இழந்த மண்டபத்தின் வடிவத்திலேயே சுதந்திரத்துக்கு மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, எனக்கு அது பிடித்திருந்தது.

1948 பெப்ரவரி 4 சுதந்திரம். ஆறு நாள் கழித்து இந்தச் சதுக்கத்தில் முதலாவது பாராளுமன்றத்தைத் திறந்து வைத்தவர், காலையில் சிம்மாசனத்தோடு சந்தித்த அதே குளோஸ்டர் கோமகன். முன்னால் முதலாவது பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் சிலை. மண்டபத்துக்குக் கீழே சிறு நினைவு நூதனசாலை ஒன்று உண்டு. அரை மணித்தியாலம் போதும், வெயிலுக்கும் நல்லது.

மனைவியின் அப்பம்மா மலையகத்தில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர் பல இலட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. மண்டபத்தின் படியில் உட்கார்ந்து மனைவி அதைச் சொன்னார். கீழே நூதனசாலையில் அதைத் தேடினார், கண்ணில் படவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். அதை அந்தப் படியில் இருந்து கதையுங்கள். காற்று நன்றாக வரும், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

எதிரே பழைய மனநோய் மருத்துவமனைக் கட்டடத்தை அங்காடித் தொகுதியாக மாற்றியிருக்கிறார்கள். தேத்தண்ணி விலை கேட்டு ஓடி வந்துவிட்டோம். வாசலுக்கு வெளியே இளநீர் கிடைக்கும்.

நேரம் மிச்சமிருக்கிறது என்றால், அதுவும் வேலை நாள் என்றால், கோட்டையில் சதாம் வீதியில் மத்திய வங்கியின் நாணய நூதனசாலையை எட்டிப் பார்க்கலாம். 1914ஆம் ஆண்டுக் கட்டடம். கோவிலில் மனம் உள்ளவர்கள் அதை விட்டுக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரத்துக்குப் போகலாம். முழுக்கக் கருங்கல், சேர் பொன்னம்பலம் இராமநாதன் எழுப்பியது. இரண்டுக்கும் ஆசைப்படாதீர்கள். செருப்பு வார் கதை மேலே இருக்கிறது.

ஐந்து மணி: காலிமுகத்திடல்

வெயில் தாழ்ந்ததும் இங்கே வாருங்கள். முதலில் வடக்கு முனையில் உள்ள தூண் வைத்த கட்டடம். 1930இல் திறந்த பழைய பாராளுமன்றம், இப்போது ஜனாதிபதி செயலகம். அந்த வளவில் தலைவர்களின் சிலைகளுக்கு நடுவே பொன்னம்பலம் சகோதரர்கள் இராமநாதனும் அருணாசலமும் நிற்கிறார்கள். காலையில் பெயர் கேட்ட ஆனந்த குமாரசுவாமிக்கு இவர்கள் மச்சான்மார். தாய்மாமன் மகன் அவர். அருணாசலம் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர். காவலர் நிற்பார்கள், வீதியில் நின்று பாருங்கள், படம் எடுக்க முன் கேளுங்கள்.

அப்புறம் புல்வெளிக்கு இறங்குங்கள். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அமைத்த திடல். கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைக் காக்கும்படி தனக்குப் பின் வருவோரைக் கேட்டு ஒரு கல்லும் வைத்தார். அந்தக் கல்லைத் தேடிப் பார்க்கலாம்.

கல் இல்லாத நினைவுகளும் இங்கே இருக்கின்றன. 1956 யூன் 5இல் தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்து அடிவாங்கியது இந்தப் புல்லில்தான், அந்தத் தூண் வைத்த கட்டடத்தின் கண்ணெதிரே. 2016 சுதந்திர தினத்தில் நாட்டுப்பண் தமிழிலும் பாடப்பட்டது இங்கேதான். 1949க்குப் பிறகு அது முதல் தடவை. 2022இல் போராட்டக்காரர் கூடாரம் அடித்து இருந்ததும் இங்கேதான். அந்த வருசம் மே 18 அன்று, சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்து முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு விளக்குக் கொளுத்தி, கஞ்சி கொடுத்தார்கள். எந்த இடத்தில் என்று காட்ட ஓர் அடையாளத்தையும் நாங்கள் காணவில்லை. பட்டம் விடுகிற பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

பொழுது படும்போது இறால் வடை வாங்குங்கள். சூடாகப் பொரித்துத் தரும் வண்டிலைத் தேடுங்கள். அடுக்கி வைத்ததை வாங்க வேண்டாம். கடலில் இறங்கி விளையாடும் இடம் இது அல்ல, அலை சுவரில் அடிக்கும். மதிலில் உட்காரலாம்.

திரும்பும் வழி

ஏழு மணிக்குக் காலி வீதியில் பஸ் ஏறினால் வெள்ளவத்தையில் பையை எடுத்து, முகம் கழுவி, சாப்பிட நேரம் இருக்கும். திரும்பும் பஸ்ஸுக்கு இருக்கையை முதல் நாளே பதிந்திருக்க வேண்டும். வெள்ளி இரவில் வழியில் மறித்து ஏற நினைத்தால் நின்றுகொண்டுதான் வருவீர்கள். பின்பக்க ஆசனம் வேண்டாம் என்று சொல்லிப் பதியுங்கள். பஸ்ஸில் குளிர் போட்டால் போர்க்க ஒரு சீலையைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

விடியப்புறம் மறுபடி முறிகண்டி. இறங்கி, பிள்ளையாரைக் கும்பிட்டு, மறக்காமல் கச்சானை வாங்குங்கள். பிள்ளைகளைப் பார்த்த அம்மம்மாவுக்கு ஒரு பை தனியாக.